அந்த ஆய்வில் உங்களைப் போன்றவர் இருந்தாரா?

வாசகி கேள்வி: எனக்கு 34 வயது. ஆறு மாதமாக ஒரே அசதி, முடியும் கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச் 7.1 என்று வந்தது. ஃப்ரீ டி4 நார்மல். ஒரு டாக்டர் தைராய்டு மாத்திரையை உடனே ஆரம்பிக்கச் சொல்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். இணையத்தில் தேடினால், 'இந்த மாத்திரையால் பலனில்லை என்று பெரிய ஆய்வே சொல்லிவிட்டது' என்று ஒரு பக்கம்; 'மூலிகைச் சாறு கொடுத்ததும் எலிகளுக்குத் தைராய்டு சரியாகிவிட்டது' என்று இன்னொரு பக்கம். இதற்கிடையில் நான் போகும் மருத்துவமனையில் இதே பிரச்சினைக்கான ஒரு மருத்துவ ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரைதான் தருவார்களாம். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றும் இருக்கிறோம். நான் யாரை நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. ஒன்று பயோட்டின், இன்னொன்று இரண்டாவது குழந்தை. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்யப்போவது இந்த இரண்டும்தான். இரண்டு டாக்டர்களிடமும் இவற்றைச் சொன்னீர்களா? சொல்லாமல் விட்டிருந்தால், அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசுவதில் ஆச்சரியமே இல்லை.

பயோட்டினை முதலில் பார்த்துவிடுவோம். அது ஒரு வைட்டமின். ஹார்மோனை அளக்கும் பல லேப் இயந்திரங்களில் பயோட்டின்தான் ஒட்டுப்பொருளாக வேலை செய்கிறது. பரிசோதனைக்கு வரும் ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் கணக்கு குழம்பிவிடும். அப்படிப்பட்ட இயந்திரங்களில் டி.எஸ்.எச் உள்ளதைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 உள்ளதைவிட அதிகமாகவும் தெரியும். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படும் பயோட்டின் 30 மைக்ரோகிராம் அளவுதான். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கும். அதாவது நூறு மடங்குக்கும் மேலே. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2017-லேயே எச்சரித்தது. எல்லா லேபிலும் இந்தச் சிக்கல் வராது. ஆனால் உங்கள் லேபில் வந்திருந்தால், உண்மையான டி.எஸ்.எச் 7.1-க்கும் மேலே இருக்கலாம். நார்மல் என்று வந்த டி4 நார்மலாக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அந்த மாத்திரையை நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாள் கழித்து, காலை நேரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். டி.எஸ்.எச் இரவிலும் விடியற்காலையிலும் ஏறி, பிற்பகலில் இறங்கும். ஒருமுறை காலையிலும் மறுமுறை சாயங்காலமும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் ஏறியதா இறங்கியதா என்று புரியாது.

டி.எஸ்.எச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து 'சுரந்து கொடு' என்று விடும் உத்தரவு அது. எதிரில் இருப்பவருக்குக் காது கேட்கவில்லை என்றால் நாம் குரலை உயர்த்துகிறோமே, அதுபோல தைராய்டு கொஞ்சம் சுணங்கினாலும் பிட்யூட்டரியின் குரல் ஏறிவிடும். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச் நூறு மடங்கு வரை ஏறக்கூடும். அந்த அளவோடு பார்த்தால் 7.1 என்பது லேசான ஏற்றம்தான். ஹார்மோன் இன்னும் போதுமான அளவில் இருக்கிறது, அதற்காகச் சுரப்பியைக் கொஞ்சம் விரட்ட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஆரம்பக் கட்டத்துக்கு வைத்தியம் தேவையா என்பதில்தான் இத்தனை விவாதமும்.

இனி நீங்கள் படித்த ஆய்வுகள். எந்த ஆய்வைப் பற்றிப் படித்தாலும் என் நோயாளிகளை நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி ஒன்றுதான்: அதில் உங்களைப் போன்றவர் இருந்தாரா? முடிவு என்ன, எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதெல்லாம் அப்புறம்.

'மாத்திரையால் பலனில்லை' என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் 2017-ல் வெளியான டிரஸ்ட் ஆய்வாகத்தான் இருக்கும். பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 737 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் டி.எஸ்.எச் 4.6-லிருந்து 20-க்குள், டி4 நார்மல். ஒரு பிரிவுக்கு லெவோதைராக்சின் (உங்களுக்குச் சொன்ன தைராய்டு மாத்திரைதான்), இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. ரொம்பவும் கவனமாகச் செய்த ஆய்வு. மருந்து சாப்பிடுகிறவருக்கு அவ்வப்போது டோஸை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். அதை வைத்து யாருக்கு எது என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் டோஸ் மாற்றுவதுபோல் மாற்றினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அசதியிலும் மற்ற தொந்தரவுகளிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆரம்பத்தில் சராசரி டி.எஸ்.எச் 6.40. வெறும் மாத்திரை சாப்பிட்ட பிரிவிலும் அது வருடக் கடைசியில் 5.48-க்கு இறங்கியிருந்தது. ஏறிய டி.எஸ்.எச் தானாகவே இறங்குவது அபூர்வமில்லை. மூன்று மாதம் பொறுப்போம் என்று சொன்ன டாக்டரின் மனதில் இதுதான் இருந்திருக்க வேண்டும்.

சரி, அந்த 737 பேரில் உங்களைப் போன்றவர் இருந்தாரா? இல்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டுமே சேர்த்தார்கள். சராசரி வயது 74. வயது ஏற ஏற டி.எஸ்.எச் கொஞ்சம் கூடுவது இயல்பு. 74 வயதில் 6.4 என்பதும் 34 வயதில் 7.1 என்பதும் ஒரே விஷயம் ஆகாது. போதாததற்கு, சேரும்போதே அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு குறைவு, டி.எஸ்.எச் 10-ஐத் தாண்டியவர்களும் குறைவு. வயதானவர்களுக்கு வீணாக மாத்திரை எழுதும் பழக்கத்தைக் குறைக்க இந்த ஆய்வு பெரிய உதவி செய்தது. அதைக் கொண்டுவந்து குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்குப் பொருத்துவதுதான் தப்பு. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நிலைக்கு வயது வந்தவர்களுக்கு மாத்திரை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. அதே வழிகாட்டுதல், கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும் பெண்களுக்கும், டி.எஸ்.எச் 20-ஐத் தாண்டியவர்களுக்கும் இது பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. இணையத்தில் முதல் பாதி மட்டும்தான் சுற்றுகிறது.

இப்படி நடப்பது புதிதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முக்கியமான பகுதியை 2002-ல் பாதியில் நிறுத்தினார்கள். அதில் இருந்த 16,608 பெண்களின் சராசரி வயது 63. அந்தச் செய்தியைக் கேட்டுப் பயந்து, 50 வயதில் உடம்பெல்லாம் தகித்துத் தூக்கமில்லாமல் தவித்த எத்தனையோ பெண்கள் மாத்திரையைக் கைவிட்டார்கள். அவர்களுக்கு எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துச் சொல்லப் பல வருடம் பிடித்தது.

எலிக்கு வருவோம். இப்படிப்பட்ட பரிசோதனைகளில் எலிக்குத் தைராய்டு குறைவை எப்படி உண்டாக்குகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் ப்ரோபைல்தையோயூராசில் என்ற மருந்தைக் கொடுத்து, ஹார்மோன் தயாராவதை அடைத்துவிடுகிறார்கள். பிறகு மூலிகைச் சாறு கொடுத்து, ஹார்மோன் அளவு ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் தைராய்டை யாரும் மருந்து கொடுத்து அடைக்கவில்லை. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஹாஷிமோட்டோ வகையாக இருக்கும். அதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல் விவரித்த நோய் இது. ஆக அந்த எலிக்கு வந்த நோயே வேறு. உடம்பும் வேறுதான்: மனித ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும், எலிக்கு ஒரு நாள்கூட ஆகாது. நம் ரத்தத்தில் டி4-ஐக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் வளர்ந்த எலியிடம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் எலியின் தைராய்டு எப்போதும் ஓட்டத்திலேயே இருக்கிறது. சின்னத் தூண்டுதலுக்கும் பெரிதாக ஆடிவிடும்.

இதற்காக விலங்குப் பரிசோதனைகளை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு நான் எழுதப்போகும் அடுத்த பரிசோதனையே ஒரு முயல் பரிசோதனைக்குக் கடன்பட்டது. உடம்பு தன்னையே தாக்காது என்று மருத்துவ உலகம் அரை நூற்றாண்டு நம்பியிருந்தது. நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலின் தைராய்டுச் சாற்றையே முயலுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். முயலின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) வந்தது, சுரப்பியும் புண்ணானது. அதே ஆண்டு, 1956-ல், லண்டனில் ஐவன் ராய்ட்டும் டெபோரா டோனியாக்கும் அவர்கள் குழுவினரும் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்திலேயே அப்படிப்பட்ட ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். முயலில் பார்த்தது மனிதரிலும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அது வைத்தியத்துக்குள் வந்தது. உங்கள் மூலிகைச் சாற்றுக்கு அந்த இரண்டாவது படி நடந்ததாக நீங்கள் படித்ததில் எதுவும் இல்லை. கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும்போது அதைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்றால், வேண்டாம். கடல்பாசி, அயோடின் சொட்டு மருந்து என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அயோடின் அளவுக்கு மீறினால் ஹாஷிமோட்டோ உள்ள தைராய்டு இன்னும் சுணங்கும்.

அந்த ஆன்டிபாடிப் பரிசோதனைக்கு ஆன்டி டி.பி.ஓ என்று பெயர். அதையும் சேர்த்து எடுங்கள். இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரின் மக்களை 1970-களில் பரிசோதித்து, 20 வருடம் கழித்து மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார்கள். டி.எஸ்.எச் ஏறி, ஆன்டிபாடியும் இருந்த பெண்களில் வருடத்துக்கு 4.3 சதவீதம் பேருக்கு முழுத் தைராய்டு குறைவு வந்தது. டி.எஸ்.எச் மட்டும் ஏறியிருந்தவர்களில் அது 2.6 சதவீதம். உங்கள் சுரப்பி எந்தப் பாதையில் போகும் என்று ஊகிக்க இதைவிட நல்ல கணக்கு நம்மிடம் அதிகமில்லை.

குழந்தை விஷயம்தான் இதில் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கருவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யத் தொடங்கவே சுமார் 12 வாரம் ஆகும். அதுவரை தாயின் டி4-ஐ நம்பித்தான் இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பிணிகளிடமிருந்து முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருந்த 25,216 ரத்த மாதிரிகளைச் சோதித்து, டி.எஸ்.எச் ஏறியிருந்த 62 பேரைப் பிரித்தெடுத்தார்கள். அவர்களின் குழந்தைகளுக்கு 7 முதல் 9 வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். உலகமே பதறியது. அப்படியானால் கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா?

அதைச் சோதிக்கத்தான் கேட்ஸ் ஆய்வு வந்தது, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். 21,846 கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுத்தார்கள். பாதிப் பேருடையதை உடனே சோதித்து, குறை தெரிந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மீதிப் பேருடையதைப் பிரசவம் முடியும்வரை எடுத்து வைத்துப் பிறகுதான் சோதித்தார்கள். மூன்று வயதில் பார்த்தபோது குழந்தைகளிடம் வித்தியாசம் இல்லை: ஒரு பிரிவில் சராசரி 99.2, இன்னொன்றில் 100. 2017-ல் அமெரிக்காவில் வந்த ஆய்விலும், லேசாக டி.எஸ்.எச் ஏறிய 677 கர்ப்பிணிகளின் குழந்தைகளை ஐந்து வயதுவரை பார்த்தார்கள். மாத்திரையால் கணக்கில் எடுக்கத்தக்க பலன் தெரியவில்லை.

முதலாவது ஆய்வு பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். அதிலிருந்த தாய்மார்களின் டி.எஸ்.எச் சராசரியே 13-ஐத் தாண்டியிருந்தது. உங்களுடையதைவிட முற்றிய நிலை. தவிர, அது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்த ஆய்வு. தாய்மார்களுக்குள் வேறு வித்தியாசங்களும் இருந்திருக்கலாம். பின்னால் வந்த இரண்டு ஆய்வுகளிலும் குலுக்கல் முறையில் பிரித்து மருந்து கொடுத்தார்கள், அந்த வகையில் அவை பலமானவை. ஆனால் மாத்திரையை எப்போது ஆரம்பித்தார்கள் என்று பாருங்கள். கேட்ஸில் பாதிப் பேர் ஆரம்பிக்கும்போதே 13 வாரம் தாண்டிவிட்டது, அமெரிக்க ஆய்வில் சராசரியாக 17-வது வாரம். கரு தாயை முழுக்க நம்பியிருந்த காலம் அதற்குள் முடிந்துவிட்டது. கருத்தரிப்பதற்கு முன்பே டி.எஸ்.எச்சைச் சரிசெய்துகொண்ட, உங்கள் நிலையிலுள்ள பெண்கள் இந்த இரண்டு ஆய்விலும் இல்லை.

முன்பே ஆரம்பித்துப் பார்த்த ஆய்வும் ஒன்று உண்டு, 2019-ல் பிரிட்டனில் வந்தது. ஆனால் அதில் இருந்தவர்களுக்கு ஆன்டிபாடி மட்டும்தான் இருந்தது, டி.எஸ்.எச் நார்மல். அவர்களுக்கு மாத்திரையால் பலனில்லை: மருந்து சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 37.9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அதனால் ஆன்டிபாடி இருக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரை எழுதுவதில்லை. நீங்கள் அந்தக் கூட்டத்திலும் இல்லை.

நேரடியான ஆதாரம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? உள்ளதை வைத்து எடைபோட வேண்டியதுதான். சிறிய டோஸ் லெவோதைராக்சின், டி.எஸ்.எச் பார்த்துக் கொடுத்தால், உங்கள் வயதில் ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பம் தரித்ததும் ஹார்மோன் தேவை ஐந்தாவது வாரத்திலேயே ஏறத் தொடங்கும். ஏற்கெனவே விரட்டப்பட்டு ஓடும் சுரப்பிக்கு அதை ஈடுகட்டுவது கஷ்டம். அதனால் என் யோசனை இது: பயோட்டினை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் காத்திருக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் டி.எஸ்.எச், ஃப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ மூன்றையும் எடுங்கள். முடிவு தெரியும்வரை குழந்தை முயற்சியைத் தள்ளிவையுங்கள். டி.எஸ்.எச் மறுபடியும் 4-க்கு மேல் வந்து ஆன்டிபாடியும் இருந்தால், முயற்சிக்கு முன்பே மாத்திரை ஆரம்பிப்பதுதான் நல்லது. ஆன்டிபாடி இல்லாமல் 7-ஐ ஒட்டியே நின்றால் டாக்டர்கள் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். நான் ஆரம்பிக்கச் சொல்லுகிற கட்சி. நார்மலுக்கு இறங்கிவிட்டால் மாத்திரை வேண்டாம். ஆனால் கர்ப்பம் தரித்ததும் உடனே ஒருமுறை சோதிக்க வேண்டும்.

அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் தைராய்டு மேல் மட்டும் பழி போடாதீர்கள். 7.1 அளவுக்கு இத்தனை அசதி வருவது எனக்குச் சந்தேகம்தான். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் அளவு), பி12 மூன்றையும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கு முடியும் கொட்டும், அசதியும் வரும். தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்கும் என்சைமுக்கும் இரும்பு தேவை. தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் கேட்ட ஆய்வைப் பற்றி. ஆய்வில் சேருகிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த 737 பேர் ஒரு வருடம் எந்த மாத்திரை என்று தெரியாமலே விழுங்கியதால்தான் இன்று எத்தனையோ முதியவர்கள் தேவையில்லாத மாத்திரையிலிருந்து தப்பித்தார்கள். ஆனால் இப்போது, இந்த வருடம், நீங்கள் இந்த ஆய்வில் சேர வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெறும் மாத்திரைப் பிரிவில் விழுந்து, அதே சமயம் கர்ப்பமும் தரித்தால் முதல் சில வாரங்களை இழந்துவிடுவீர்கள். கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்களைப் பொதுவாக இத்தகைய ஆய்வுகளில் சேர்க்கவும் மாட்டார்கள். ஆகவே அதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துச் சேர்ந்தால் உங்களுக்கும் ஆபத்து, ஆய்வின் கணக்கும் கெடும். மறுத்தால் வழக்கமான வைத்தியம் பாதிக்குமோ என்ற பயம் வேண்டாம். பாதிக்கக் கூடாது என்பது ஆய்வு நெறிமுறையின் அடிப்படை விதி.

பின்னால் எப்போதாவது ஓர் ஆய்வில் சேர நினைத்தால், கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். டி.எஸ்.எச் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்திவிட்டு நிஜ மருந்து கொடுப்பார்கள், இடையில் கர்ப்பமானால் என்ன செய்வார்கள், பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, பாதியில் விலகலாமா, நான் சாப்பிட்டது எது என்று கடைசியில் சொல்வார்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். மருந்து எதுவும் தராமல், கர்ப்பிணிகளின் ரத்த மாதிரியையும் விவரங்களையும் மட்டும் கேட்டு வாங்கும் ஆய்வுகளும் உண்டு. அப்படி ஒன்று வந்தால் தாராளமாகச் சேருங்கள். உங்களைப் போன்றவர்கள் ஆய்வுகளில் இல்லாத குறை அப்படித்தான் தீரும்.

மாத்திரை ஆரம்பித்தால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, முக்கால் மணி நேரமாவது வேறெதுவும் சாப்பிடாமல் இருங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸ் நிலைப்பட ஆறு வாரமாவது ஆகும், அதற்கு முன் டி.எஸ்.எச் எடுத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்து டோஸை ஏற்ற வேண்டுமா என்று கேளுங்கள், அந்த வாரத்திலேயே டி.எஸ்.எச் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை.